பதினொரு பவுணும் அமெரிக்க வட்டியும்

புதன், 3ஆம் திகதி

காலையிலிருந்து மழை. காலி வீதியில் பஸ் அசையவில்லை. பாடசாலைக்குப் பிந்திப் போனேன். மிஸ்ஸும் பிந்தித்தான் வந்தார், தப்பினேன். வெள்ளைச் சப்பாத்து இன்னும் ஈரம்.

செய்ய வேண்டியவை:
பொருளியல்: பணக் கொள்கை, பழைய வினாத்தாள் இரண்டு.
கணக்கீடு: ஐந்தொகை சமப்படவில்லை. ஏன்?
பிளவுஸ் அளவு. தையல் அக்கா திரும்பவும் போன் எடுத்தார்.

சாப்பிடும்போது அப்பா திடீரென்று கேட்டார்: "பிள்ளை, இந்த அமெரிக்காக்காரர் என்ன செய்யப்போகினம்?"

அப்பாவுக்கு ஒழுங்கையில் போட்டோகொப்பிக் கடை. அமெரிக்காவைப் பற்றி அவர் கேட்பது தங்கத்துக்காக. அண்ணாவின் கல்யாணம் மாதக் கடைசியில். தாலிக்கொடி மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு, அதாவது எங்கள் பொறுப்பு. 21ஆம் திகதி ஞாயிறு பொன்னுருக்கு (இனி பொ.உ.). பத்தர் வீட்டுக்கு வந்து, நல்ல நேரத்தில், தாலிக்கான பவுண் காசை எல்லோருக்கும் முன்னால் உருக்குவார். எங்கள் குடும்பத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. கொடிக்கு வாங்கிய காசுகள் (காசு ஒன்று ஒரு பவுண்) முழுவதையும் அன்று தட்டில் அடுக்கி, வந்தவர்கள் தொட்டு வாழ்த்தக் கொடுப்போம். தொடுகிற சாட்டில் எல்லோரும் எண்ணுவார்கள். எண்ணாத மாதிரி எண்ணுவார்கள்.

போன வருடம் கல்யாணம் பேசி முடித்த அன்று, கொட்டாஞ்சேனையில் மணப்பெண் ஷெரின் அக்காவின் வீட்டில், எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா எழும்பி நின்று சொன்னார்: "கொடி பதினொரு பவுண்." ஒருவரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். அன்றிலிருந்து தங்கம் ஏறுகிறது. கொடிக்கென்று வைப்பில் போட்ட காசுக்கு வட்டி இறங்கிவிட்டது. ஏற்றம் அமெரிக்க மத்திய வங்கியால் (இனி அ.ம.வ.), இறக்கம் எங்கள் மத்திய வங்கியால். இரண்டும் அப்பாவைக் கேட்டுச் செய்யவில்லை.

நான் சொன்னேன்: வெள்ளி மாலை ஆறு மணிக்கு அமெரிக்காவின் வேலைவாய்ப்புத் தரவு வரும். நல்லதாக வந்தால் அ.ம.வ. வட்டியைக் குறைக்க அவசரப்படாது. டொலர் வலுக்கும், தங்கம் இறங்கும். நல்லதாக வரும் என்றுதான் வாசித்த இடமெல்லாம் இருக்கிறது. "வெள்ளி வரைக்கும் பொறுங்கோ அப்பா. சனிக்கிழமை வாங்குவம்."

அம்மா: "பள்ளிக்கூடப் பிள்ளையின்ர சொல்லைக் கேட்டோ தங்கம் வாங்கிறது?"

அண்ணா: "அம்மா, கவனமாக் கதையுங்கோ. அவ எங்கட வீட்டு மத்திய வங்கி ஆளுநர்."

கிண்டல்தான். ஆனாலும் பிடித்திருந்தது.


வியாழன், 4

வெயில். சப்பாத்து காய்ந்தது.

கீழ்வீட்டு அங்கிள் படிக்கட்டில் மறித்தார். "பிள்ளை, தங்கம் விழுமாம் எண்டு நீர் சொன்னீராம்?" அம்மா யாருக்கும் சொல்லவில்லை என்கிறார். அப்படியென்றால் சுவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இடைவேளையில் நுஸ்ரா என் மாலு பணிஸில் பாதியைப் பிய்த்தபடி கேட்டாள்: "அமெரிக்காவுல ஆக்களுக்கு வேல இல்லாட்டி, எங்கட செட்டியார் தெருவுல தங்கம் கூடுமா? என்ன கூத்துடி இது?"

விளக்கினேன். தங்கம் வட்டி தராது. பெட்டிக்குள் சும்மா கிடக்கும். டொலருக்கு நல்ல வட்டி கிடைக்கும்போது தங்கத்தை வைத்திருப்பது நட்டம். வேலை குறைந்தால் அ.ம.வ. வட்டியைக் குறைக்கும். அப்போது சும்மா கிடக்கிற தங்கம் அவ்வளவு நட்டமில்லை. எல்லோரும் வாங்குவார்கள், விலை ஏறும். அந்த விலையை எங்கள் ரூபாவுக்கு மாற்றினால் செட்டியார் தெரு.

"அப்ப சும்மா ஈக்கிறவங்களுக்கும் ஒரு காலம் வரும்," என்றாள். பணிஸை முடித்துவிட்டாள்.


வெள்ளி, 5

ஆறு மணி. போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக் காத்திருந்தேன்.

எதிர்பார்த்ததை விடக் குறைவு. நன்றாகக் குறைவு. தங்கத்தின் கோடு சுவரில் ஏறும் பல்லி மாதிரி மேலே போனது.

நான் பிழை.

கடைக்கு ஓடினேன். அப்பா யாருடையதோ அடையாள அட்டைப் பிரதியை லமினேட் பண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்பா, கூடிட்டுது."

"நல்லாவோ?"

"நல்லா."

"சரி பிள்ளை. பரவாயில்லை."

சூடான பிளாஸ்டிக்கை விரலால் தடவிப் பார்த்தார். திட்டவில்லை. அது கூடப் பரவாயில்லை. ஆனால் அவர் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது. அதுதான் விளங்கவில்லை.


சனி, 6

எதற்கும் பார்ப்போம் என்று செட்டியார் தெருவுக்கு மூன்று பேரும். அப்பா, அண்ணா, நான். வெயில், சனம், கைவண்டி. "பார, பார" என்று வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு மூட்டை தூக்குபவர்கள். அப்பாவுக்குத் தெரிந்த கடை. நாங்கள் உள்ளே இருக்கும்போதே ஒரு பொடியன் ஸ்டூலில் ஏறிப் பலகையில் விலையை அழித்துக் கூட்டி எழுதினான். கடைக்காரர் எங்களைப் பார்த்து, "நீங்க சோடா குடிச்சு முடிக்க முந்தியே ஏறுது சேர்," என்றார்.

அப்பா காசுகளைக் கையில் எடுத்தார், உருட்டினார், திரும்ப வைத்தார். "அடுத்த கிழமை பாப்பம்."

நான் மெதுவாக, "இப்பவே வாங்குங்கோ அப்பா. 17ஆம் திகதி அமெரிக்காவில வட்டி குறைப்பினம், இன்னும் கூடும்."

"நீதானே பிள்ளை பொறுக்கச் சொன்னனி."

"அது நேற்று வரைக்கும்!"

"கூடினால் கூடட்டும். இறங்கினால் வாங்குவம்."

இது ஒரு வாதமே இல்லை. வகுப்பில் சொன்னால் மிஸ் சிவப்பில் கோடு இழுப்பார். திரும்பி வரும்போது அண்ணா பஸ்ஸில் நித்திரை. கல்யாணம் அவருக்கு, நித்திரையும் அவருக்கு.


திங்கள், 8

மழை, பிறகு வெயில், பிறகு மழை.

என் பிழை எங்கே என்று எழுதிப் பார்த்தேன். தரவு எப்படி வரும் என்று நான் கணிக்கவில்லை. மற்றவர்கள் கணித்ததைத்தான் நம்பினேன். எல்லோரும் நல்லது வரும் என்று ஏற்கெனவே நினைத்திருந்ததால், நல்லது வந்திருந்தாலும் விலை பெரிதாக இறங்கியிருக்காது. கெட்டது வந்தால் மட்டும் துள்ளும். அப்படியென்றால் காத்திருந்ததில் எங்களுக்கு இலாபத்துக்கு வழி சின்னது, நட்டத்துக்கு வழி பெரியது. இது வியாழக்கிழமையே தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தொகை சமப்பட்டது. தேய்மானத்தை இரண்டு தரம் கழித்திருக்கிறேன். பிளவுஸ் கை இறுக்கம்.


செவ்வாய், 9

நுஸ்ரா இன்று எனக்கு உண்மையிலேயே உதவி செய்தாள், அவளுக்கே தெரியாமல். 17ஆம் திகதி அ.ம.வ. வட்டியைக் குறைத்தால் தங்கம் ஏறும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"குறைப்பாங்க எண்டு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சா பிறகு எதுக்கு ஏறணும்? மாசக் கடைசியில பெட்ரோல் கூட்டப் போறாங்க எண்டு கத வந்தா, வாப்பா பின்னேரமே திரீவீலரக் கொண்டு போய் பெட்ரோல் ஷெட்டு கியூவுல நிப்பாட்டுவாரு. மத்த நாள் காலையில ஷெட்டுல நாய்தான் படுத்துக் கெடக்கும்."

கைதட்ட வேண்டும் போலிருந்தது. கூட்டம் முதல் நாளே வந்துவிடுகிறது. அறிவிப்பு வரும் நேரத்தில் வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்திருப்பார்கள். ஆகவே என் புதிய கணிப்பு: 17இல் வட்டி குறையும், தங்கம் துள்ளாது, கொஞ்சம் இறங்கவும் கூடும். எழுதித் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். சாட்சிக் கையெழுத்து நுஸ்ரா. கையெழுத்துக்குக் கூலியாக இன்னொரு பணிஸ்.


புதன், 10

எங்கள் மத்திய வங்கி: கொள்கை வட்டியில் மாற்றமில்லை. மிஸ் அறிக்கையை வகுப்பில் வாசிக்க வைத்தார். "எதிர்வரும் காலத்தில்" என்று வருகிற வசனங்களுக்குக் கோடு போடச் சொன்னார். மத்திய வங்கி வட்டியை மட்டும் மாற்றுவதில்லை, பேச்சாலும் வேலை செய்கிறது என்றார். முன்கூட்டியே சொல்லிவைப்பதும் ஒரு கருவி. குறித்துக்கொண்டேன்.

அப்பாவிடம் ரூபா அசையவில்லை என்று சொன்னேன். "நல்லது, எங்கட ஆக்களாவது பேசாமல் இருக்கினம்," என்றார்.


சனி, 13

பாத்திரக் கடை, பூக் கடை, பந்தல்காரர். காலில் கொப்புளம்.

பொ.உ. முடிந்தால் கல்யாணம் வரை அண்ணாவும் ஷெரின் அக்காவும் பார்க்கக் கூடாது. வீடியோ கோல் கணக்கில் வருமா என்று அண்ணா கேட்டார். அம்மா அகப்பையைத் தூக்கிக் காட்டினார். தாலி கட்டுவது அவர்கள் சேர்ச்சில், நல்ல நேரம் குறித்தது எங்கள் ஐயர். இரண்டு பக்கத்துக்கும் கோபமில்லை.

பின்னேரம் ஷெரின் அக்கா எனக்கு போன் எடுத்தார். "ஏன்மா, அங்கிள் டடியோட போனைத் தூக்குறாரே இல்ல? எதும் கோவமா?"

"கடையில சனம் அக்கா," என்றேன். கடையில் சனமில்லை. அப்பா போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நின்றதும் சட்டைப் பைக்குள் வைப்பார். நானே பார்த்திருக்கிறேன்.


வியாழன், 18

காலை. பல் தீட்டமுன் போன்.

அ.ம.வ. வட்டியைக் குறைத்துவிட்டது. தங்கம் முதலில் சின்னத் துள்ளல், பிறகு இறக்கம். நான் எழுதியபடியே! பிரஷ் வாயில் இருக்கக் கத்தினேன். அம்மா கரப்பான் என்று நினைத்து ஓடிவந்தார்.

நுஸ்ராவுக்கு அனுப்பினேன். பதில்: "பணிஸ் எனக்கு வரணும்."

அப்பா தேத்தண்ணீரோடு இருந்தார். சொன்னேன். இன்றைக்கு அல்லது நாளைக்கு வாங்கினால் நல்லது என்றேன். "ம்," என்றார். சந்தோஷமே இல்லை.

பின்னேரம். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வைப்பில் இருந்த காசு, இன்றைய விலை, பத்தரின் செய்கூலி. ஒன்பது பவுண் வரும். பத்துக்குக் காணாது. சரி, நான் பிழை விட்டிராவிட்டால்? 3ஆம் திகதி விலைக்குப் போட்டேன். ஒன்பது. அதற்கு முந்தின மாத விலைக்குப் போட்டேன். அப்போதும் ஒன்பது, கையில் கொஞ்சம் மிச்சம்.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் வெள்ளிக்கிழமைப் பிழையால் பதினொன்று ஒன்பதாகவில்லை. நான் வாய் திறக்க முன்பே அது ஒன்பதுதான். அப்பாவுக்கும் அது தெரியும். போட்டோகொப்பிக்கு ஒரு ரூபா பிசகாமல் கணக்குப் பார்க்கிற ஆள். அவர் என்னிடம் அமெரிக்க வட்டியைக் கேட்கவில்லை. ஒன்பது என்று சொல்லாமல் தப்ப ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். தரவு கெட்டதாக வந்த அன்று அந்த ஆறுதல் அதனால்தான்: இன்னும் ஒரு கிழமை தள்ளிப்போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை தட்டு சுற்றிவரும். கொட்டாஞ்சேனை ஆட்கள் விரல் வைப்பார்கள்.


வெள்ளி, 19

பாடசாலையில் ஒன்றும் ஏறவில்லை. மனதுக்குள் பேச்சுத் தயாரித்துக்கொண்டிருந்தேன். மாலை கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துப் போனேன். தயாரித்தது எல்லாம் மறந்தது.

"அப்பா, கொடி ஒன்பது."

மெஷின் ஒரு தாளைத் துப்பியது. அவர் அதை எடுத்து அடுக்கினார்.

"யார் சொன்னது?"

"கணக்கு. அமெரிக்கா வட்டியைத் தலைகீழாக்கினாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பதினொண்டு வராது."

"கடன் கேக்கலாம்."

"கல்யாணத்துக்கு வாங்கினதே காணும் எண்டு நீங்கதான் சொன்னனீங்கள்."

நான் விடவில்லை. மத்திய வங்கி ஒரு வாக்கைக் காப்பாற்ற முடியாவிட்டால் கூட்டத்தன்று போய் நின்று அதிர்ச்சி கொடுக்காது, முதலே ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடும் என்றேன். "கெட்ட செய்தியைச் சந்தை தாங்கும் அப்பா. திடீரெண்டு வந்தால்தான் விழும்."

"அவையள் சந்தையில்லை பிள்ளை. சம்பந்திமார்."

"அதாலதான் சொல்லுறன், முதலே போய்ச் சொல்லுங்கோ எண்டு. தட்டில எண்ணிக் கண்டுபிடிக்க விடாதேங்கோ."

ஒரு பொடியன் வந்து தேசப்படம் கேட்டான். அப்பா இலங்கையா உலகமா என்று கேட்டு, எடுத்துக் கொடுத்து, மிச்சக் காசு கொடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "நாளைக்கு நீயும் வா," என்றார்.

வீட்டுக்கு ஓடியே வந்தேன். பயத்தில் இல்லை. பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்ட உற்சாகம்.


சனி, 20

முதலில் செட்டியார் தெரு. விலை வியாழனை விடக் கொஞ்சம் ஏறியிருந்தது, போன சனியை விடக் குறைவு. அப்பா உருட்டிப் பார்க்கவில்லை. "ஒன்பது," என்றார், கடைக்காரர் கட்டினார். அப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை என் புத்தகப் பைக்குள் வைத்தார். பொருளியல் வழிகாட்டிக்குப் பக்கத்தில் ஒன்பது பவுண். பையை முன்னால் கட்டிப் பிடித்துக்கொண்டு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர், "நங்கி, பேக் எக்க பிமின் தியன்ன" என்றார். தரையில் வைப்பதா! முறைத்தேன்.

ஷெரின் அக்காவின் அப்பா கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க். வாசலிலேயே: "வாங்க வாங்க சம்பந்தி! போன்ல புடிக்க ஏலாத ஆளு, நேர்ல வந்துட்டீங்க." அன்ரி பிளேன்டீயும் கேக்கும் கொண்டுவந்தார்.

அப்பா மழையைப் பற்றிப் பேசினார். துறைமுகத்தைப் பற்றி. டொலரைப் பற்றி. அ.ம.வ. பற்றி, நான் சொன்னதையே கொஞ்சம் பிழையாக. கேக் முடிந்தது. நான் மேசைக்குக் கீழால் அவர் செருப்பில் மிதித்தேன்.

"கொடி..." என்றார். நிறுத்தினார். "நான் அண்டைக்குப் பதினொண்டு எண்டனான். ஒன்பதுதான் ஏலும். உங்களுக்கு முதலே சொல்லவேணும் எண்டு வந்தனான்."

நான் கோப்பையின் அடியில் இருந்த தேயிலைத் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷெரின் அக்காவின் அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்பதா?" என்று மனைவியைப் பார்த்தார். "இதுக்கா சம்பந்தி ரெண்டு வாரமா போன் எடுக்கல? நாங்க வீட்ல ஏழுன்னுதான் கதைச்சுக்கிட்டு இருந்தோம். தங்கம் விக்கிற விலைக்கு யாரு பதினொண்ணு போடுவா? அன்னைக்கு நீங்க சந்தோஷத்துல சொன்னீங்க."

அன்ரி: "ஆறுன்னு நான் சொன்னேன். இவருதான் ஏழு."

உள்ளேயிருந்து ஷெரின் அக்கா: "எனக்குக் கழுத்து வலிக்காம இருந்தாப் போதும்!"

எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார், மற்றவர்களை விடக் கொஞ்சம் குறைவாக. இன்னொரு துண்டு கேக்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம். அப்பா டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தார். நிம்மதியாக இருக்கிறார் என்று நினைத்தேன். கோட்டைக்குக் கிட்ட வந்தபோது:

"ஏழாம்!"

"என்ன அப்பா?"

"என்னை ஏழு எண்டு நினைச்சிருக்கினம். அந்த மனிசி ஆறாம்! வெள்ளவத்தையில கடை வைச்சிருக்கிற என்னை!"

"எதிர்பார்த்ததை விட நல்ல தரவு அப்பா. சந்தை ஏறியிருக்கு."

"நீயும் உன்ர சந்தையும்." எட்டிச் செட்டியார் தெருப் பக்கம் பார்த்தார். "இறங்கி இன்னொண்டு வாங்குவமோ?"

"காசு இருக்கோ?"

"இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்துவிட்டது. முன் சீற்றில் இருந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். புத்தகப் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.


ஞாயிறு, 21

விடியவே எழும்பினேன். மழை இல்லை.

நிறைகுடம், குத்துவிளக்கு, வாழையிலை, தேங்காய், மஞ்சள், உமி, கரி. கற்பூரம் மறந்து ஓடிப்போய் வாங்கியது அண்ணா. மாப்பிள்ளை சாரத்தோடு கடைக்கு ஓடியதை ஒழுங்கை முழுவதும் பார்த்தது.

பத்தர் ஊதுகுழலால் ஊதினார். கரி சிவந்தது. சின்ன மூசைக்குள் ஒரு காசு. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரம் மங்கி, காசின் படம் அழிந்து, ஒரு சொட்டு வெளிச்சமாக உருண்டது. உலகம் முழுக்க விலை பேசுகிற பொருள், ஒரு சொட்டு. மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அம்மாவின் கண் கலங்கியது. புகை என்றார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு முச்சக்கரவண்டி நிறைய ஆட்கள். மாமாமார், ஷெரின் அக்காவின் பெரியம்மா, கீழ்வீட்டு அங்கிள். உருக்கிய தங்கத்தையும் மற்றக் காசுகளையும் அம்மா தட்டில் பூவோடு அடுக்கினார். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

அப்பா தட்டைக் கையில் எடுத்தார். ஒருவரும் விரல் நீட்டமுன், கடைக்காரர் குரலில், வாசல் வரை கேட்க, "ஒன்பது!" என்றார்.